உயர்தரக் காரும் ஈரக் கம்பளமும்

பாவித்த சொகுசுக் கார் ஒன்றை வாங்கச் செல்பவர் அதனை எவ்வாறு பரிசோதிக்கிறார் என்பதை நான் பலமுறை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் காரைச் சுற்றி ஒரு வலம் வருவார். கதவு விளிம்புகளை விரலால் தடவி, மறுபூச்சு பூசப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பின்னர் பொனற்றைத் திறந்து, இயந்திரத்தை இயக்கச் சொல்லி, கச்சேரியில் சுருதி சேர்ந்திருக்கிறதா என்று கவனிக்கும் மூத்த ரசிகரைப் போலக் கண்ணை மூடித் தலையைச் சரித்துக் கேட்பார். "எஞ்சின் நல்லாயிருக்கு" என்று கூட வந்த உறவினர் தீர்ப்பு வழங்குவார். அத்துடன் பேரம் ஆரம்பமாகிவிடும்.

அந்த இயந்திரம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும். ஜேர்மன் நாட்டு உயர்தரக் கார்களின் இயந்திரங்கள், எண்ணெயை ஒழுங்காக மாற்றி வந்தால், இரண்டு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டியும் முனகாமல் ஓடக்கூடியவை. ஆனால் அத்தகைய கார்கள் தம் இறுதிக்காலத்தில் இயந்திரத்தால் சாவதில்லை. மின்சாரத்தால் சாகின்றன. வாங்குபவர் காது கொடுத்துக் கேட்க வேண்டியது சத்தமே எழுப்பாத அந்தப் பகுதியைத்தான் என்பதே என் கருத்து. இதனை எழுதத் தூண்டியது என் நண்பரொருவரின் அனுபவம்.

நாற்பது ஆண்டுகள் தனியார் நிறுவனமொன்றில் கணக்காளராகப் பணியாற்றி 2020இல் ஓய்வு பெற்றவர் அவர். சேவைக்காலம் முழுவதும் பஸ்ஸிலும் ரயிலிலும் சென்று வந்த மனிதர். ஓய்வு பெற்ற பின் ஒரே ஒரு ஆசை மிஞ்சியிருந்தது. நல்ல கார் ஒன்றில் மனைவியை அருகில் இருத்தி யாழ்ப்பாணம் போய்வர வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, உள்ளூரில் இருந்த பழைய வாகனங்களின் விலை மாதந்தோறும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. இன்னும் தாமதித்தால் கைக்கு எட்டாது என்ற அவசரத்தில், 2021இன் இறுதியில், ஊழியர் சேமலாப நிதியாகக் கிடைத்த பணத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து, பதினைந்து வயதான ஜேர்மன் கார் ஒன்றை வாங்கினார். உற்பத்தியாளரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நடந்ததில் அவர்களுக்குப் பங்கில்லை என்பதை வாசகர்கள் பின்னர் அறிந்துகொள்வார்கள்.

வாங்கிய மூன்றாம் மாதத்தில் காலையில் கார் உயிர்பெற மறுத்தது. கொழும்பில் கராஜ் ஒன்றில் புதிய பற்றரி பூட்டினார்கள். 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தது. கியூஆர் முறை அறிமுகமானபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். அதற்கு முந்திய வாரங்களில் அதுவும் இல்லை. கார் வீட்டு வாசலில் வேப்பமரத்தின் கீழ் வாரக்கணக்காக நின்றது. இரண்டாவது பற்றரியும் இறந்தது. "ஓடாமல் நின்றால் இப்படித்தான்" என்றார்கள். அதை நம்பாதிருக்கக் காரணமில்லை. பிறகு ஒல்ரனேற்றர் எனப்படும் மின்பிறப்பாக்கி மாற்றப்பட்டது. பின்னர் மூன்றாவது பற்றரி. இடையில் கண்ணாடிகள் தாமாகவே இறங்கின. நள்ளிரவில் எச்சரிக்கை ஒலி எழுந்து ஒழுங்கையையே எழுப்பியது. ஒவ்வொரு தடவையும் ஸ்கானர் கருவியைப் பொருத்தினார்கள், அது பத்துப் பன்னிரண்டு பிழை இலக்கங்களைக் காட்டியது, அவற்றை அழித்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

2023 நவம்பரில் உறவினர் ஒருவரின் அந்தியேட்டிக்காக இருவரும் வடக்கு நோக்கிப் புறப்பட்டார்கள். வவுனியாவைத் தாண்டி ஓமந்தையை நெருங்கும்போது இருட்டிவிட்டது. கடும் மழை. திடீரென வைப்பர்கள் பாதி வழியில் நின்றன. அடுத்த கணம் அளவைப் பலகையிலுள்ள அத்தனை எச்சரிக்கை விளக்குகளும் நல்லூர்த் திருவிழாச் சோடனை போல ஒன்றாக எரிந்தன. அதற்கும் அடுத்த கணம் எல்லாம் அணைந்தன. முன்விளக்குகளும் இயந்திரமும் சேர்ந்தே. ஏ9 வீதியின் நடுவில், மழை இருளில், விளக்கில்லாத கருநிறக் கார். சுக்கான் இரும்பாகிவிட்டது என்று அவர் பின்னர் சொன்னார். பின்னால் வந்த லொறியொன்று கடைசி நொடியில் அவர்களைக் கண்டு, வெட்டி விலகி, கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போயிற்று. "இஞ்சாருங்கோ, இறங்குவம்" என்று மனைவி கதவைத் திறந்து இழுத்திராவிட்டால் அதிர்ச்சியில் அங்கேயே உட்கார்ந்திருப்பேன் என்பது அவருடைய வாக்குமூலம்.

காரை வவுனியாவுக்கு இழுத்துச் சென்றார்கள். அங்கே சிறிய கராஜ் ஒன்றில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் ஸ்கானரைத் தொடவேயில்லை. முன்னிருக்கைக்குக் கீழே கையை விட்டு, தரைக் கம்பளத்தை அழுத்திப் பார்த்தார். கை நனைந்தது. இருக்கையைக் கழற்றிக் கம்பளத்தை உரித்தார். அதன் கீழே பஞ்சுப் படலம் முழுவதும் ஊறி, இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீருக்குள் வயர்க்கட்டு ஒன்றும், பச்சைக் களிம்பு பிடித்த இணைப்புகளும், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் மூழ்கிக் கிடந்தன.

"ஐயா, மூண்டு பற்றரியிலயும் ஒரு குற்றமும் இருந்திராது. தண்ணி நிக்குது, பாருங்கோ. முன்கண்ணாடிக்குக் கீழ இருக்கிற வடிகால் முழுக்க வேப்பம் சருகு."

அவ்வளவுதான் நோய். முன்கண்ணாடிக்கும் பொனற்றுக்கும் இடையிலுள்ள தாழ்வான பகுதியில் விழும் மழைநீர் வெளியேறுவதற்கு இரு புறமும் துளைகள் உண்டு. வேம்பின் சிற்றிலைகள் அவற்றை அடைத்துவிட்டன. வழியில்லாத நீர் காற்றோட்டக் குழாய் வழியாகவும் இறப்பர் அடைப்புகளைத் தாண்டியும் காருக்குள் இறங்கியிருக்கிறது. ஒன்றரை ஆண்டுகளாக அந்த ஈரம் இணைப்புகளை அரித்து, இரவெல்லாம் மின்சாரத்தைக் கசியவிட்டு, பற்றரிகளைக் கொன்றிருக்கிறது. கொழும்பில் அவர் செலவிட்டது ஏறத்தாழ 7 இலட்சம் ரூபா. வவுனியா இளைஞர் துளைகளைத் துப்புரவாக்கி, இணைப்புகளை மாற்றி, கம்பளத்தை மூன்று நாள் வெயிலில் காயவைத்துக் கொடுத்ததற்குப் பெற்றது 35,000 ரூபா.

இந்த வேறுபாட்டை ஒரு தனிமனிதரின் திறமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட நான் விரும்பவில்லை. ஸ்கானர் சொல்வது சாட்சியம் மட்டுமே, அதனைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. பத்திரிகைத் தொழிலில் இதற்கு ஒப்பான ஒன்றை நான் கண்டிருக்கிறேன். செய்தி முகவர் நிலையத்திலிருந்து வரும் செய்தியை உறுதிப்படுத்தாமல் அப்படியே அச்சுக்கு அனுப்பும் உதவி ஆசிரியர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். "இன்ன உணரியில் மின்னழுத்தம் குறைவு" என்று கருவி சொன்னால், அந்த உணரி பழுது என்று பொருளல்ல. உணரிக்கு மின்சாரத்தைக் கொண்டு செல்லும் வயர், அதன் இணைப்பு, அதன் நிலத்தொடர்பு, பற்றரியின் வோல்ற்றளவு இவற்றுள் எதுவும் காரணமாக இருக்கலாம். ஒன்றையும் பாராமல் உதிரிப்பாகத்தை மாற்றுவது எளிது. அதில் இலாபமும் உண்டு. பஞ்சிகாவத்தையில் எந்தப் பெட்டியும் கிடைக்கும். காரணம் கிடைக்காது.

பழைய கார்களில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை என்று சொல்லும் முதியவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். அது முழு உண்மையல்ல. நம் இளமையில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களின் மின்சாதனங்கள் பெரும்பாலும் பிரித்தானியாவின் லூக்காஸ் நிறுவனத்தினுடையவை. இரவில் விளக்கணையும் அவற்றின் குணத்தை வைத்து, அந்த நிறுவன ஸ்தாபகருக்கு 'இருளின் இளவரசர்' என்று ஆங்கிலேயரே பட்டம் சூட்டியிருந்தார்கள். வேறுபாடு எங்கேயென்றால், மொறிஸ் மைனரில் விளக்குக்கு ஒரு வயர், ஹோர்னுக்கு ஒரு வயர். விளக்கணைந்தால் ஹோர்ன் ஒலிக்கும். பற்றரி இறந்தால் இரும்புப் பிடியைச் செருகிச் சுழற்றி இயக்கிவிடலாம். ஒரு குறை மற்றொன்றைத் தொற்றுவது அரிது.

1986இல் பொஷ் நிறுவனம் 'கான்' எனப்படும் தொடர்பு வலையமைப்பை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. 1991இல் வெளிவந்த மெர்சிடிஸ் எஸ் வகுப்புக் கார் அதனைப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒன்று. நூற்றுக்கணக்கான தனி வயர்களுக்குப் பதிலாக, முறுக்கிய இரண்டே வயர்களில் இயந்திரமும் பிறேக்கும் கியர்பெட்டியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத் தொடங்கின. எடை குறைந்தது, வசதி பெருகியது. ஆனால் சபையில் ஒருவர் ஓயாமல் கூச்சலிட்டால் மற்றவர்கள் பேச முடியாதல்லவா? நீரில் ஊறிய ஒரு பெட்டி அந்த இரண்டு வயர்களில் அர்த்தமற்ற சைகைகளை அனுப்பினாலோ, வயர்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டாலோ, நலமாயுள்ள பெட்டிகளும் ஒன்றையொன்று இழந்து பிழை இலக்கங்களைக் கொட்டுகின்றன. கதவுக் கண்ணாடிக்கும் கியர்பெட்டிக்கும் என்ன உறவு என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான்.

உற்பத்தியாளர்கள் தவறே செய்யவில்லை என்றும் நான் வாதிடவில்லை. 1990களின் முற்பகுதியில் தயாரான மெர்சிடிஸ் கார்கள் பலவற்றில், இயந்திரப் பகுதி வயர்களின் மேலுறை வெப்பத்தில் காய்ந்து நொறுங்கியது பழைய கார்களை நேசிப்போர் எல்லோரும் அறிந்த கதை. 2002இல் வெளிவந்த ஈ வகுப்புக் காரில் பிறேக்கே மின்சாரத்தால் இயங்கியது. மிதியை அழுத்தினால் கணினி அதனை அளந்து, மின்பம்பியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும். அம்முறை செயலிழந்தால் முன்சக்கரங்களுக்கு மட்டும், அதுவும் காலால் பலமாக மிதித்தாலே, பிறேக் கிடைக்கும். 2004இல் 6,80,000 கார்கள் இதற்காகத் திருப்பி அழைக்கப்பட்டன. 2005இல் 13 இலட்சம் கார்கள் மீண்டும் அழைக்கப்பட்டன. அந்த முறை மின்பிறப்பாக்கியின் வோல்ற்றளவுச் சீராக்கியும் பற்றரிக் கட்டுப்பாட்டு மென்பொருளும் பட்டியலில் இருந்தன. 2006இல் அந்த வகுப்பில் இம்மின்பிறேக் கைவிடப்பட்டது. எனவே அவ்வகையில் பாவித்த காரொன்றை வாங்குபவர் 2006இன் புதுப்பிப்புக்கு முந்தியதா பிந்தியதா என்பதை நிறத்துக்கு முன்பே கேட்பது நல்லது. இன்னொன்று: அதன் பிறேக் தகடுகளை மாற்றுமுன் அந்த முறையைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். கதவைத் திறந்த மாத்திரத்தில் பம்பி தானாக அழுத்தம் ஏற்றி விரலை நசுக்கக்கூடும். பழகாத கைகளில் அந்தக் காரை ஒப்படைக்கலாகாது.

பற்றரியைப் பற்றி ஒரு வார்த்தை. முழுமையாக மின்னேற்றப்பட்ட பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற்று காட்ட வேண்டும். இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. இதனை அளக்கும் கருவியின் விலை ஒரு குடும்பத்தின் மதியச் சாப்பாட்டுச் செலவுக்கு மேற்படாது. காரைப் பூட்டிவிட்டு அரைமணி நேரம் கழித்து, எல்லாப் பெட்டிகளும் உறங்கிய பின், கசியும் மின்னோட்டம் 50 மில்லி அம்பியருக்குள் இருப்பதே நலம். நாளொன்றுக்கு அது 1.2 அம்பியர் மணி. உறங்காத ஒரு பெட்டி அரை அம்பியரை உறிஞ்சினால் நாளொன்றுக்கு 12. எண்பது அம்பியர் மணி பற்றரி வாரம் தாண்டாது. என் நண்பரின் பற்றரிகள் எதனால் இறந்தன என்பதை இந்தக் கணக்கே சொல்லியிருக்கும். கணக்காளரான அவருக்கு யாரும் அதைப் போட்டுக் காட்டவில்லை. அத்துடன், பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் 2000களின் நடுப்பகுதியிலிருந்து புதிய பற்றரி பூட்டியதைக் கணினிக்கு அறிவித்துப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. செய்யாவிட்டால் அது புதியதைப் பழையது என்று எண்ணியே மின்னேற்றும்.

கதவுக்கும் தூணுக்கும் இடையில் இறப்பர் உறைக்குள் செல்லும் வயர்கள் ஆயிரம் தடவை மடங்கி முறிவது, இயந்திரத்திலிருந்து உடலுக்குச் செல்லும் நிலத்தொடர்புப் பட்டை துருவேறுவது போன்றவை எல்லாக் கார்களுக்கும் பொதுவானவை. ஆனால் நம் நாட்டுக்கே உரிய ஒரு நோயைக் குறிப்பிட்டாக வேண்டும். பிற்காலத்தில் பூட்டிய எச்சரிக்கை ஒலி, தொலைக்காட்சித் திரை, மூடுபனி விளக்கு. இவற்றுக்காக உற்பத்தியாளரின் வயரைச் சுரண்டி, முறுக்கி, கறுப்பு ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுகிறார்கள். கடலோரக் கொழும்பின் உப்புக்காற்றில் அந்த முறுக்கு எத்தனை காலம் தாங்கும்? 2016 மேயில் களனி கங்கை பெருகியபோது நீரில் நின்ற கார்கள் எத்தனை கழுவித் துடைக்கப்பட்டு, கைமாறி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ தெரியாது. இருக்கைப் பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்து அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பவரை நான் இதுவரை கண்டதில்லை.

இதைவிடக் கொடியது, எச்சரிக்கை விளக்கையே அகற்றிவிடுவது. சாவியைத் திருப்பும்போது காற்றுப்பைக்கும் பிறேக்குக்கும் உரிய விளக்குகள் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கார் நலமாக இருக்கிறது என்பதல்ல பொருள். யாரோ குமிழைக் கழற்றியிருக்கலாம், அல்லது அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டியிருக்கலாம். விபத்தில் விரியாத காற்றுப்பையுடன் ஒரு குடும்பத்தை அனுப்பிவைக்கும் அந்த விற்பனையாளர் செய்வதைச் சாதாரண வியாபாரத் தந்திரம் என்று என்னால் கூற முடியவில்லை.

இங்கேதான் அரசின் பங்கும் வருகிறது. தனியார் கார் ஒன்றுக்கு ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறக் காப்புறுதியும் 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனைச் சான்றிதழும் போதும். குழாயிலிருந்து என்ன வெளியேறுகிறது என்று அரசு பார்க்கிறது. பிறேக்கையோ விளக்கையோ எவரும் பார்ப்பதில்லை. மறுபுறம், வரியினாலும் 2025 பெப்ரவரி வரை நீடித்த தடையினாலும் புதிய கார் கனவாகிப்போன நடுத்தர வர்க்கத்தினர், இருபது வயதுக் காரை வீதியில் வைத்திருக்க நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். ஆகவே பரிசோதனையைக் கட்டாயமாக்குங்கள் என்று எழுதத்தான் பேனா துடிக்கிறது. ஆனால் அரச அலுவலகக் கருமபீடங்களை நீண்டகாலம் பார்த்தவன் என்ற முறையில், இன்னொரு இறப்பர் முத்திரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைவிட, உடைமை மாற்றப் பத்திரத்துடன், 'இந்த வாகனம் வெள்ளத்தில் நின்றதா, காற்றுப்பைகள் இயங்குகின்றனவா, எந்த எச்சரிக்கை விளக்காவது செயலற்றிருக்கிறதா' என்ற மூன்று கேள்விகளுக்கு விற்பவர் கையொப்பமிட்டுப் பதிலளிக்க வேண்டும் என்ற ஒரு தாளைச் சேர்க்கலாம். பொய்யென்று தெரிந்தால் வாங்கியவர் அத்தாளுடன் நீதிமன்றம் செல்ல முடியும். எவ்விதச் செலவும் இதற்கு இல்லை.

கடந்த ஆண்டு என் நண்பர் காரை விற்கத் தீர்மானித்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, இரவில் கண் தெரிவதில்லை. கார் இப்போது ஒழுங்காகவே ஓடுகிறது. பார்க்க வந்த இளந்தம்பதியினரில் கணவர் வழமைபோல் பொனற்றைத் திறந்து இயந்திரத்தைக் கேட்டார். நண்பர் பேசாமல் உள்ளே சென்று, முன்னிருக்கைப் பக்கத்துக் கம்பளத்தை உயர்த்தி, பழுதுபார்த்த இணைப்புகளைக் காட்டி, நடந்தது முழுவதையும் சொல்லி, வவுனியா இளைஞர் எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டையும் நீட்டினார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போய்விட்டார்கள்.

"ஐசே, நான் செய்தது பிழையோ?" என்று அன்றிரவு தொலைபேசியில் கேட்டார். இல்லை என்றேன். கார் இன்னும் அந்த வாசலிலேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பொனற்றைத் திறந்து, வடிகால் துளைகளிலிருந்து வேப்பம் சருகுகளைப் பொறுக்கி எடுக்கிறார்.